அந்தமான் வானில் கந்தகத்தின் போக்கு

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்பெறும் போர்ட் பிளேர் நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மனிதர் குடியேறாத கருங்குன்று ஒன்று கடலினின்று எழுந்து நிற்கின்றது. அதுவே பாரன் தீவு. இந்திய நாட்டில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள எரிமலை அஃது ஒன்றே. தீவின் குறுக்களவு சுமார் 3 கிலோமீட்டர். கடல்மட்டத்திற்கு மேல் அதன் உயரம் 350 மீட்டருக்குச் சற்றே மிகுதி. ஆயினும் கடலின் அடித்தரையிலிருந்து அளந்தால், 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஒரு பெரும் மலையின் உச்சி மாத்திரமே அது என்பது விளங்கும். 1787ஆம் ஆண்டில் அது கனன்றதைக் கப்பலிற் சென்றோர் குறித்து வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின்னர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் உறங்கிக் கிடந்த அம்மலை 1991இல் மீண்டும் விழித்துக்கொண்டது. 1994–95, 2005, 2017 ஆகிய ஆண்டுகளிலும் அதன் சீற்றம் பதிவாகியுள்ளது. சீற்றத்தின்போது சாம்பலோடும் நீராவியோடும் கூட வெளிப்படும் வாயுக்களுள் முக்கியமான ஒன்று, தொண்டையைக் கமறச் செய்யும் கந்தக டைஆக்ஸைடு ஆகும்.

எரிமலையைக் காணாதோரும் அந்தமானில் கந்தகத்தை முகர்ந்திருப்பர். கழிமுகங்களில் நீர் வற்றிய வேளையில் அலையாத்திக் காட்டுச் சேற்றிற் கால் வைத்தால், அழுகிய முட்டையின் நாற்றம் எழுகின்றதன்றோ? அது ஹைட்ரஜன் ஸல்பைடு. கரையினின்று விலகித் தோணியிற் செல்வோர் ‘கடல் வாசனை’ என்று கூறுவதிலும் கந்தகம் கலந்த வேறொரு வாயு உண்டு.

மலையும் சேறும் கடலும் இடைவிடாது வெளிவிடும் இக்கந்தக வாயுக்கள் வானில் தேங்கி நின்றிருந்தால், தீவுகளில் உயிர்கள் மூச்சுவிடவும் இயலாது. அவ்வாறு தேங்காமைக்குக் காரணம், அவை வாயுமண்டலத்திற் சிதைந்து, உருமாறி, மழையோடு இறங்கிவிடுவதே. இச்சிதைவு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிவது பாடப் புத்தகத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. தீவில் பெய்யும் மழையிற் காணப்படும் அமிலம் இயற்கை அளித்ததா, மனிதனின் புகைபோக்கி அளித்ததா என்ற வினாவிற்கு விடை அதிலேதான் அடங்கியுள்ளது.

மூன்று ஊற்றுகள்

கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 2.7 கிராம் ஸல்பேட் கரைந்துள்ளது. அலையாத்தி வேர்களுக்கிடையே படியும் சேற்றில் ஆக்ஸிஜன் மிக அரிது. அங்கு வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள், மற்ற உயிர்கள் ஆக்ஸிஜனைக் கொண்டு செய்யும் வேலையை ஸல்பேட்டைக் கொண்டு செய்கின்றன. இலைக்குப்பையைத் தின்று ஸல்பேட்டை ஹைட்ரஜன் ஸல்பைடாகக் குறைக்கின்றன. அவ்வாயுவின் பெரும்பகுதி சேற்றிலுள்ள இரும்புடன் கூடி இரும்பு ஸல்பைடாக அங்கேயே தங்கிவிடுகின்றது. சேறு கருநிறமாயிருப்பதற்குக் காரணம் அதுவே. எஞ்சிய சிறு பகுதி மட்டும் குமிழியாக வெளிவருகின்றது. அந்தமான் நிகோபாரில் ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் அலையாத்திக் காடுகள் உள்ளன. இப்பரப்பு பெரிதெனினும், நாற்றத்தை வைத்து அளவை மதிப்பிடல் தவறு. கோடியில் ஒரு பங்கினும் குறைந்த அளவிலேயே மனித மூக்கு இவ்வாயுவை உணர்ந்துவிடும்.

பாராட்டங் தீவின் சேற்றெரிமலைகளையும் இக்கணக்கில் சேர்ப்போர் உண்டு. ‘எரிமலை’ என்னும் பெயரால் நேர்ந்த மயக்கம் அது. அங்குக் குமிழியிடும் வாயு பெரும்பாலும் மீதேன். பாரன் தீவின் எரிகுழம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான ஊற்று கடலேயாகும். இது விஞ்ஞானிகளுக்கே நெடுநாள் தெரியாதிருந்தது. ஆறுகள் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் கந்தகத்தைக் கணக்கிட்டோர், அதை ஈடுசெய்யக் கடலிலிருந்து நிலத்திற்கு ஏதோ ஒரு வாயு திரும்பி வரவேண்டும் என உணர்ந்தனர். அது ஹைட்ரஜன் ஸல்பைடாகவே இருக்கவேண்டும் என்றும் கருதினர். ஆனால் ஆக்ஸிஜன் நிறைந்த கடலின் மேற்பரப்பில் அவ்வாயு நிலைத்திராது. 1972இல் ஜேம்ஸ் லவ்லாக் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானியும் அவர்தம் துணைவரும், அட்லாண்டிக் கடற்பயணத்தில் எடுத்த நீர்மாதிரிகளைச் சான்றாகக் காட்டி, அவ்வாயு டைமெதில் ஸல்பைடு என வெளியிட்டனர். ஒரு கந்தக அணுவின் இருபுறமும் ஒவ்வொரு மெதில் தொகுதி இணைந்த எளிய மூலக்கூறு அது.

கடலின் நுண்பாசிகள் தம் உடலின் உப்புச் சமநிலையைக் காத்துக்கொள்ள, கந்தகம் அடங்கிய ஒரு கரிமப் பொருளை உண்டாக்குகின்றன. பாசி மடியும்போதோ, பிற உயிர்கள் அதைத் தின்னும்போதோ அப்பொருள் உடைந்து டைமெதில் ஸல்பைடு பிறக்கின்றது. பவளப்பாறைகளிலும் அப்பொருள் மிகுதி. பவளத்தினுள் வாழும் பாசிகள் மட்டுமேயன்றிப் பவள உயிரும் அதனை ஆக்கவல்லது என்று 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் காட்டினர். கடல் வற்றி, பாறை வெயிலிற் காயும்பொழுது அங்கிருந்து இவ்வாயு மிகுதியாக எழுகின்றது. 2011இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகக் கடல்கள் ஆண்டொன்றுக்கு 2 கோடியே 80 லட்சம் டன் கந்தகத்தை இவ்வடிவில் காற்றுக்கு அளிக்கின்றன. உலக எரிமலைகள் அமைதியாகப் புகையும் நிலையில் ஆண்டுதோறும் வெளியிடும் கந்தக டைஆக்ஸைடு சுமார் 2 கோடியே 30 லட்சம் டன் ஆகும். அதில் பாதி எடையே கந்தகம். ஆக, கண்ணுக்குத் தெரியாத பாசி, உலகிலுள்ள எரிமலைகள் யாவற்றையும் விஞ்சிவிட்டது.

கதிரவன் வளர்க்கும் கத்தி

மேற்கண்ட வாயுக்கள் யாவும் ஆக்ஸிஜனுடன் சேரவேண்டியவை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் உண்டு. எனினும், சாதாரண ஆக்ஸிஜன் மூலக்கூறு இவற்றைத் தீண்டுவதேயில்லை எனலாம். வேலையைத் தொடங்கிவைப்பது வேறொன்று. அதன் பெயர் ஹைட்ராக்ஸில். ஓர் ஆக்ஸிஜன் அணுவும் ஓர் ஹைட்ரஜன் அணுவும் இணைந்த குறைத் துண்டு அது. முழு நீர் மூலக்கூறாவதற்கு ஓர் ஹைட்ரஜன் அணு குறைவுபடுவதால், எதிர்ப்பட்ட மூலக்கூறிலிருந்து அதனைப் பறித்துக்கொள்ளத் துடிக்கின்றது.

அது பிறக்கும் விதம் கவனிக்கத்தக்கது. தாழ்ந்த காற்றிலும் சிறிதளவு ஓஸோன் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டவுடன் ஓஸோன் உடைந்து, மிகுந்த வேகமுடைய ஓர் ஆக்ஸிஜன் அணுவை உதிர்க்கின்றது. அவ்வணு நீராவி மூலக்கூறின்மீது மோதினால் இரண்டு ஹைட்ராக்ஸில்கள் உண்டாகின்றன. ஆகவே இதற்கு வேண்டுவன மூன்று: ஓஸோன், புற ஊதாக் கதிர், நீராவி. இவற்றுள் பின்னிரண்டும் நிலநடுக்கோட்டை அண்டிய கடல்வெளியில் நிறைந்துள்ளன. பூமியின் வாயுமண்டலம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வேலை வெப்பமண்டலக் கடல்களின்மேல்தான் மிக விரைவாக நடைபெறுகின்றது. அந்தமான் கடலும் அவற்றுள் ஒன்று.

இத்துணை வல்லமை வாய்ந்த ஹைட்ராக்ஸிலின் அளவைக் கேட்டால் வியப்பு உண்டாகும். கடல்மட்டத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. நண்பகலில் அவற்றிடையே உள்ள ஹைட்ராக்ஸில்களோ பத்து லட்சத்திற்கும் ஒரு கோடிக்கும் இடைப்பட்டவையே. ஒவ்வொன்றின் ஆயுளும் ஒரு வினாடி அளவே. பிறந்த கணத்திலேயே எதையேனும் தாக்கி மறைந்துவிடுகின்றன. கதிரவன் மறைந்தபின் புதியவை பிறப்பதும் நின்றுவிடுகின்றது.

சேற்றினின்று எழுந்த ஹைட்ரஜன் ஸல்பைடை இத்துண்டு எளிதில் வென்றுவிடும். அதன் ஓர் ஹைட்ரஜன் அணுவைப் பறித்தவுடன், எஞ்சிய பகுதி ஓஸோன் முதலியவற்றோடு கூடிச் சில படிகளில் கந்தக டைஆக்ஸைடாகின்றது. வானில் இவ்வாயுவின் ஆயுள் இரண்டு மூன்று நாட்களே.

டைமெதில் ஸல்பைடின் கதை இதனினும் சிக்கலானது. அதைச் சிதைக்க ஹைட்ராக்ஸிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. மெதில் தொகுதியிலிருந்து ஓர் ஹைட்ரஜனைப் பறிக்கலாம்; அல்லது நேராகக் கந்தக அணுவிலேயே சென்று ஒட்டிக்கொள்ளலாம். காற்று குளிர்ந்திருந்தால் ஒட்டுதல் மிகும். வெப்பமாயிருந்தால் ஒட்டியது விரைவில் கழன்றுவிடுவதால் பறித்தலே மேலோங்கும். பறித்தல் வழியே பெரும்பாலும் கந்தக டைஆக்ஸைடு விளைகின்றது. ஒட்டுதல் வழியே டைமெதில் ஸல்பாக்ஸைடும், அதிலிருந்து மீதேன் ஸல்போனிக் அமிலமும் விளைகின்றன. துருவக் கடல்களுக்கும் அந்தமான் கடலுக்கும் உள்ள இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

தூய கடற்காற்றில் பறித்தல் வழியிலும் ஒரு கிளை உண்டு என்பது மிக அண்மையிலேதான் தெரியவந்தது. பறிபட்ட மூலக்கூறு ஆக்ஸிஜனை ஏற்றுக்கொண்டபின், புகை கலந்த காற்றாயின் நைட்ரிக் ஆக்ஸைடு அதை மேலும் உடைத்துவிடும். புகையற்ற காற்றில் உடைக்க ஆளின்றி, அம்மூலக்கூறு தன் அணுக்களைத் தனக்குள்ளேயே இடம்மாற்றிக்கொண்டு நிலையான வேறொரு பொருளாகின்றது. கணக்கின் வாயிலாக முன்னரே ஊகிக்கப்பட்ட இப்பொருள், அமெரிக்க ஆய்வு விமானங்கள் கடல்களின்மேல் எடுத்த அளவைகளில் அகப்பட்டு, 2020இல் வெளியிடப்பட்டது. மேகம் எதிர்ப்பட்டால் இது துளிகளிற் கரைந்துவிடுகின்றது. எனவே, அதற்கு முன் எழுதப்பட்ட பாடநூல்களிற் காணும் டைமெதில் ஸல்பைடுச் சிதைவுப் படம் முழுமையானதன்று என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்க.

இரவில் ஹைட்ராக்ஸில் இல்லை. அப்பொழுது நைட்ரேட் என்னும் மற்றொரு துண்டு, புகை கலந்த காற்றில் மட்டும், ஓரளவு அவ்வேலையைச் செய்கின்றது. ஆதலின் தூய கடற்காற்றில் டைமெதில் ஸல்பைடு இரவெல்லாம் சேர்ந்து, விடியுமுன் உச்சத்தை அடைந்து, பிற்பகலிற் குறையவேண்டும். கந்தக டைஆக்ஸைடோ அதற்கு நேர்மாறாக ஏறி இறங்கவேண்டும். பசிபிக் கடலின் நடுவே, நிலநடுக்கோட்டை ஒட்டிய கிறிஸ்துமஸ் தீவில் 1994இல் அளந்து பார்த்தபோது இவ்வாறே காணப்பட்டது. ஒன்று தேயத் தேய மற்றொன்று வளர்வதைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் கண்ட அச்சான்று, இச்சிதைவைப் பற்றி எழுதப்பட்ட பல நூறு பக்கங்களைவிட வகுப்பறைக்கு ஏற்றது.

மேகத்தினுள்

மூன்று ஊற்றுகளின் வழிகளும் கந்தக டைஆக்ஸைடில் வந்து கூடுகின்றன. இனி அது கந்தகாமிலமாக வேண்டும். வறண்ட காற்றில் ஹைட்ராக்ஸிலே இதனையும் செய்யும். ஆனால் சாவதானமாக, ஒரு வாரம் அல்லது அதற்கும் மேலாகும். மேகத் துளியினுள் புகுந்துவிட்டாலோ, அதே மாற்றம் சில மணி நேரத்திலும், ஹைட்ரஜன் பெராக்ஸைடு போதிய அளவு இருப்பின் நிமிஷங்களிலும் முடிந்துவிடும். அலைகள் தெறித்த உப்புநீர்த் துளிகள் காரத்தன்மை உடையவை. அவற்றினுள் ஓஸோனே இவ்வேலையை விரைந்து செய்யும். துளியின் காரம் தீர்ந்தவுடன் ஓஸோனின் வேகமும் குன்றிவிடும்.

மேகத்தில் நிகழ்வதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திற் காட்டுதல் எளிது. திறந்த வெளியில், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் மாணவரை நிறுத்தி, சிட்டிகைக் கந்தகத்தை மூடிய சாடியினுள் எரித்து, அப்புகையைச் சிறிது நீரிற் குலுக்குக. இந்நீரை இரண்டு சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் மருத்துவ நிலையத்திற் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சில துளிகள் சேர்க்கவும். பின்னர் இரண்டிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடுக் கரைசலும் விடுக. பெராக்ஸைடு சேர்த்த குழாயில் உடனே வெண்மையான வீழ்படிவு திரளும். மற்றது தெளிவாக இருக்கும். அல்லது சிறிதே கலங்கும். அமிலத்திற் கரையாத அவ்வெண்படிவு பேரியம் ஸல்பேட். பேரியம் உப்பு நச்சுடையதாகையால் ஆசிரியரே அதனைக் கையாளுதல் வேண்டும்.

கந்தகாமிலமும் அதன் உப்புகளும் நுண்துகள்களாகிக் காற்றில் மிதக்கின்றன. நீராவி படிந்து மேகத்துளி உருவாவதற்கு இத்துகள்கள் கருவாகின்றன. கடற்பாசியே தன் வாயுவின் வழியாக மேகங்களை ஆள்கின்றது என்ற கருத்தை 1987இல் லவ்லாக் உள்ளிட்ட நால்வர் முன்வைத்தனர். கடல் வெப்பமுற்றால் பாசி மிகும், மேகம் மிகும், கடல் மீண்டும் குளிரும் என்பது அவர்தம் எண்ணம். அழகிய கருத்தே, ஆனால் அழகு சான்றாகாது. கடற்காற்றின் மேகக்கருக்கள் உப்புத்துளிகளிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் மிகுதியாக வருகின்றன என்று காட்டி, 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வுரை அக்கருத்தைப் பெரிதும் மறுத்தது. டைமெதில் ஸல்பைடு மேகத்திற்குக் கருவளிப்பது உண்மை. பூமியின் வெப்பத்தை அது கட்டுப்படுத்துகின்றது என்பது நிறுவப்படவில்லை.

ஒரே ஆண்டில் இரு மலைகள்

பாரன் தீவு விழித்த அதே 1991ஆம் ஆண்டில், ஜூன் 15ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் பினடூபோ மலை வெடித்தது. பாரன் தீவின் புகை தாழ்ந்த காற்றிலேயே நின்றது. ஈரமும் மேகமும் மழையும் உள்ள அவ்வடுக்கில் கந்தக டைஆக்ஸைடின் ஆயுள் ஓரிரு நாட்கள். அது ஸல்பேட்டாகி வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் விழுந்துவிட்டது. பினடூபோவோ ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டைஆக்ஸைடை 30 கிலோமீட்டருக்கும் மேலே வீசியெறிந்தது. அங்கு மேகமில்லை, மழையில்லை. வாயு அமிலமாக மாறவே வாரங்கள் பல ஆயின. மாறிய அமிலத்துகள்கள் ஓரிரு ஆண்டுகள் அங்கேயே தங்கி, சூரிய ஒளியைத் திருப்பியனுப்பி, உலகின் சராசரி வெப்பத்தைச் சுமார் அரை டிகிரி தாழ்த்தின. வெளிவந்த கந்தகத்தின் எடையோடு அது சென்றடைந்த உயரமும் சேர்ந்தே விளைவைத் தீர்மானித்தது.

எரிமலையின் துணையின்றியே அவ்வுயரத்தை எட்டும் கந்தக வாயு ஒன்று உண்டு. கார்பனைல் ஸல்பைடு என்னும் அதனை ஹைட்ராக்ஸில் எளிதில் அசைப்பதில்லை. அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மெல்ல மேலேறி, அங்குள்ள கடும் புற ஊதாக் கதிரில் அது உடைகின்றது. பினடூபோ போன்ற வெடிப்புகள் இல்லாத காலத்திலும் மேலடுக்கில் மெல்லிய ஸல்பேட் படலம் ஒன்று நிலவுவதற்கு இவ்வாயுவே பெரிதும் காரணம்.

மழைநீரின் சாட்சியம்

உலக வானிலை நிறுவனத்தின் திட்டத்தையொட்டி 1970களில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக, இந்திய வானிலைத் துறை பத்து நிலையங்களில் மழைநீரைச் சேகரித்து அதன் இரசாயனச் சேர்க்கையை ஆராய்ந்து வந்துள்ளது. போர்ட் பிளேர், மினிக்காய், கோடைக்கானல் ஆகியவை அவற்றுட் சில. தொழிற்சாலைகள் அரிதான தீவு நிலையம் எதற்கு என்று வினவுவோர்க்கு விடை எளிது. நாட்டின் பிற இடங்களில் மனிதன் சேர்த்தது எவ்வளவு என்பதை அறிய, அவன் சேர்க்காவிடில் எவ்வளவு இருக்கும் என்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் பொதுவாக நேரும் பிழை ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். காற்றின் கார்பன் டைஆக்ஸைடு மட்டும் கரைந்த தூய நீரின் பி.எச். எண் சுமார் 5.6. மழையின் எண் அதற்குக் கீழே இறங்கினால் உடனே ‘மாசுற்ற மழை’ என முடிவுகட்டுவோர் பலர். இந்துமாக் கடலின் தென்பகுதியில், எக்கண்டத்திற்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பாலுள்ள ஆம்ஸ்டர்டாம் தீவின் மழையை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட அளவு சுமார் 4.9. கடலின் கந்தக வாயுவும், தாவரங்களினின்று பிறக்கும் கரிம அமிலங்களும் அதற்குப் போதுமானவை. மறுபுறம், எண் 6க்கு மேலிருந்தால் அமிலமே வரவில்லை என்பதும் பொருந்தாது. நிலத்தூசியின் சுண்ணாம்பு அமிலத்தைச் சரிக்கட்டியிருக்கக்கூடும். ஆகவே பி.எச். எண் மட்டும் சாட்சியாகாது. ஸல்பேட்டை அளந்து, அதனையும் பகுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதற்படி, அலைத்துளியோடு நேராக வந்த கடலுப்பின் ஸல்பேட்டைக் கழிப்பது. கடல்நீரில் சோடியத்தின் எடைக்கு ஸல்பேட்டின் எடை ஏறத்தாழ கால் பங்கு. ஒரு லிட்டர் மழைநீரில் சோடியம் 4 மில்லிகிராமும் ஸல்பேட் 1.6 மில்லிகிராமும் இருப்பதாகக் கொள்க. நான்கில் கால் பங்கு ஒன்று. ஆக, 1 மில்லிகிராம் ஸல்பேட் கடலுப்பினுடையது. வாயுவாயிருந்து சிதைந்து வந்தது 0.6 மில்லிகிராம் மட்டுமே.

இந்த 0.6 மில்லிகிராமில் பாசியின் பங்கு எது, எரிமலையின் பங்கு எது, நிலக்கரி, எண்ணெய் இவற்றின் பங்கு எது? ஸல்பேட் யாவும் ஒன்றுபோலவே இருக்கும். இங்குத்தான் சிதைவின் வழி அறிந்திருத்தல் உதவுகின்றது. மீதேன் ஸல்போனிக் அமிலம் டைமெதில் ஸல்பைடிலிருந்து மட்டுமே கணிசமாகப் பிறப்பது. எரிமலையோ நீராவிக் கப்பலோ அதைத் தருவதில்லை. பசிபிக் கடலின் வெப்பமண்டலத் தீவுகளில் திரட்டி 1989இல் வெளியிட்ட அளவைகளின்படி, தூய கடற்காற்றின் துகள்களில் இவ்வமிலம், கடலுப்பினதல்லாத ஸல்பேட்டின் எடையில் சுமார் 6.5 சதவீதம். மேற்கூறிய மழைநீரில் இவ்வமிலம் 0.013 மில்லிகிராம் காணப்பட்டதாயின், அதற்கு ஈடான பாசி ஸல்பேட் 0.2 மில்லிகிராம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய 0.4 மில்லிகிராமுக்கு வேறு மூலத்தைத் தேடவேண்டும். துருவக் கடலின் விகிதத்தை இங்கு எடுத்தாண்டால் கணக்கு முற்றும் பிழைபடும். முன்னர்க் கூறியவாறு, குளிர்ந்த காற்றில் இவ்வமிலம் மிகுதியாகவும் வெப்பக் காற்றில் குறைவாகவும் பிறக்கின்றது. பசிபிக் விகிதத்தை அந்தமானுக்கு இரவல் வாங்குவதும் தோராயமே.

எஞ்சிய பங்கின் மூலத்தைக் காற்றின் திசை உணர்த்தும். தென்மேற்குப் பருவத்தில் காற்று பரந்த கடலின்மீது நெடுந்தொலைவு கடந்து வருகின்றது. வழியெல்லாம் மழை அதனைக் கழுவுகின்றது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்றோ கண்டத்தின் புகையைச் சுமந்து வரும். 1999இன் இந்துமாக் கடல் பன்னாட்டு ஆய்விலும், இஸ்ரோ 2006இல் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நடத்திய கூட்டாய்விலும் இப்புகைப் படலம் கரையைத் தாண்டி நெடுந்தூரம் பரவியிருப்பது அளக்கப்பட்டது. எரிமலை கனன்ற நாட்களைத் தனியே குறித்துவைத்தால் அதன் பங்கையும் பிரித்தறிய ஏதுவாகும்.

கப்பல்களையும் மறத்தலாகாது. இலங்கையின் தென்முனையிலிருந்து சுமத்ராவின் வடமுனை நோக்கிச் செல்லும் பெரும் கப்பல் வழி, பெரிய நிகோபாருக்குத் தெற்கே கடக்கின்றது. அவ்வழியின் நேர்மேலே மின்னல்கள் அக்கம்பக்கத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு விழுகின்றன என்று 2017இல் கண்டறிந்தனர். கப்பற் புகையின் துகள்கள் மேகத்துளிகளைச் சிறிதாக்கி மாற்றுவதே காரணம் எனக் கருதப்பட்டது. கப்பல் எண்ணெயில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் 2020 ஜனவரி முதல் நாளன்று 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் சிங்கப்பூரை அடுத்த கப்பல் வழியில் மின்னல்கள் ஏறக்குறையப் பாதியாயின. மனிதன் சேர்த்த கந்தகம் குறையக் குறைய, இத்தீவுகளின் வானில் பாசி, எரிமலை இவற்றின் பங்கு விகிதத்தில் உயர்கின்றது. அவற்றை அளக்கத் தகுந்த காலம் இதுவே.

களப்பணியாளர்க்கு

ஹைட்ரஜன் ஸல்பைடு காற்றைவிடச் சற்றுக் கனமானது. மூடிய குழிகளிலும் பள்ளங்களிலும் அது தேங்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது போய்விடும். நாற்றம் திடீரென்று நின்றுவிட்டது எனின், வாயு அகன்றதாகக் கொள்ளாது, உடனே திறந்த வெளிக்கு விலகுக. மிகக் குறைந்த அளவில் அது இருப்பதை அறியத் துலக்கிய வெள்ளித் துண்டொன்றைச் சேற்றின்மேல் தொங்கவிட்டு, அது கறுக்கும் நாட்களை எண்ணி வருதல் மாணவர்க்கும் இயலும்.

மழைமானி வேறு, இரசாயன ஆய்வுக்கான மழைக்கலம் வேறு. பின்னது மழையில்லா வேளையில் மூடியிருத்தல் வேண்டும். இல்லையேல் அலைத்துளியும் பறவை எச்சமும் விழுந்து சோடியக் கணக்கையே கெடுக்கும். உலோகக் கலம் ஆகாது. கலத்தை அயனி நீக்கிய நீரிற் கழுவுக. விரலால் உட்புறத்தைத் தொடுதல் கூடாது, வியர்வையிலும் உப்பு உண்டு. சேகரித்த நீரைச் சாளரத்தருகே வைத்துவிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருத்தல் பெரும் பிழை. மீதேன் ஸல்போனிக் அமிலத்தைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் மழைநீரிலேயே உண்டு. வெப்பத்தில் வைத்த புட்டியில் சில நாட்களுக்குள் அவ்வமிலம் குறைந்து, பாசியின் பங்கைக் காட்டும் அடையாளம் அழியத் தொடங்கும். அன்றே குளிர்பெட்டியில் இட்டு, மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம், காற்றின் திசை ஆகிய மூன்றையும் புட்டியின்மேல் எழுதி அனுப்புக.